கீழ்வீட்டுக்கு இழுத்த வயர்

இது நடந்தது போன வருடம் ஆடி மாதத்தில். பள்ளிக்கூடங்கள் திறந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பழைய வீட்டின் மாடியில் நாங்கள் குடியிருக்கிறோம். அம்மா, நான், தம்பி. கீழ்வீட்டில் ஓர் அக்கா, அவருடைய கணவர், ஒன்பது வயதில் ஒரு பெண். விஷயம் வெளியே வந்தது சிதம்பரத்தில். ஆரம்பித்து வைத்தது நான், எங்கள் வீட்டு ஹாலில், நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் படித்தவள். கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் கிடைத்துவிட்டால் எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. மிக்ஸியைப் பிரித்து, திரும்ப மாட்டி, ஒரு திருகாணியை மிச்சம் பிடித்து அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். "ஓடற பொருளு ஓடினா உனக்குப் பொறுக்காதாடீ? உள்ள இன்னா இருக்குன்னு பாத்தாதான் சோறு எறங்குமா?" என்று அம்மா திட்டுவதை நான் பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

கீழ்வீட்டு அக்காவுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. பேச்சும் வராது. மகள் பாப்பாவுக்கும் அப்படியே. அக்காவின் கணவருக்கு இரண்டும் உண்டு, மூன்று பேருக்கும் சேர்த்து அவரே பேசுவார். குட்டியானை வண்டி வைத்திருக்கிறார். அண்ணாகிராமம் பக்கமிருந்து முந்திரி மூட்டை, பலாப்பழம் என்று எது கிடைத்தாலும் ஏற்றுவார். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். அவருக்கு நான் 'இன்ஜினியரம்மா'. "நான் இன்ஜினியரே இல்ல மாமா" என்றால், "வயரத் தொட்டா ஷாக் அடிக்காதவங்க எல்லாரும் எனக்கு இன்ஜினியருதான்" என்பார்.

பாப்பா மூன்றாம் வகுப்பு வரை பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து போர்டைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தாள். அவளோடு பேச அங்கே யாருக்கும் தெரியவில்லை. போன வருடம்தான் சிதம்பரத்தில் காது கேளாத பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியில் ஹாஸ்டலோடு இடம் கிடைத்தது. அக்காவுக்கு அனுப்ப மனமில்லை, மாமா பிடிவாதமாக இருந்தார். புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் சாயங்காலம் ஆறு மணிக்கு, பிள்ளைக்குப் பத்து நிமிடம் வீடியோ காலில் வீட்டோடு பேசலாம் என்று ஹாஸ்டலில் சொன்ன பிறகுதான் அக்கா சம்மதித்தார்.

அங்கேதான் என் கை உள்ளே நுழைந்தது. கீழ்வீட்டுச் சுவர் ஒன்றரை முழம் கனம். போன் சிக்னல் வாசலோடு நின்றுவிடும். எங்கள் வைஃபையும் படிக்கட்டு தாண்டாது. நமக்கென்றால் வீடியோவில் படம் உடைந்தாலும் குரல் வந்துவிடும், சமாளித்துக்கொள்வோம். அக்காவுக்கும் பாப்பாவுக்கும் படம் உடைந்தால் பேச்சே உடைந்துவிடும். விரல் மடங்கியிருக்கிறதா, நீட்டியிருக்கிறதா என்பதில் ஒரு வார்த்தையே மாறிவிடும் அவர்களுக்கு.

"நம்ம நெட்டையே வயர் போட்டுக் கீழ எறக்கிடலாம்மா" என்றேன். அம்மா உடனே சரி என்றார். மாமா பாதிப் பணம் தருகிறேன் என்றதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "பத்து நிமிஷம் புள்ளகிட்ட பேசறதுக்கு காசு வாங்கறதா? போய்யா" என்று விரட்டிவிட்டார்.

நான்கைந்து வயர் மாட்டுகிற சின்ன ரூட்டர் ஒன்று வாங்கி வந்தேன். ஹாலில் வைத்து, அதிலிருந்து ஒரு வயரை ஜன்னல் வழியாக வெளியே எடுத்து, மழைத்தண்ணீர்க் குழாயோடு கட்டிக் கீழே இறக்கி, அக்கா வீட்டு கம்ப்யூட்டரில் செருகினேன். மாமா யாரிடமோ பழசாக வாங்கிப் போட்டிருந்த கம்ப்யூட்டர் அது. வயரின் முனைக்குப் பிளக் அடிப்பதை அக்காவும் பாப்பாவும் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "வைஃபை மாதிரி இல்ல மாமா, வயர்ல வர்றது சிக்கவே சிக்காதுன்னு பாப்பாகிட்டச் சொல்லுங்க" என்றேன். மாமா கையால் சொன்னார். பாப்பா வயரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள்.

முதல் கால் வந்த அன்று நானும் கீழேதான் இருந்தேன். திரையில் பாப்பா தெளிவாக வந்தாள். அக்காவின் கைகள் பறந்தன. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், சிரித்தார்கள், சண்டை போட்டார்கள். பத்து நிமிடமும் அந்த அறையில் ஒரு சத்தம் இல்லை. வீடு முழுக்கப் பேச்சு இருந்தது. முடிந்ததும் அக்கா என் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினார். மறுநாள் ஒரு டப்பா நிறைய முந்திரி வந்தது.

சில வாரம் கழித்து எனக்கு வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை கிடைத்தது. சேர்ந்த புதிது. ஒருநாள் மீட்டிங்கில் நான் பேசிக்கொண்டிருக்கும்போது என் படம் நின்றுவிட்டது. மேனேஜர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனாலும் எனக்கு முகம் சுண்டிவிட்டது. தம்பி, தான் கேம் விளையாடுகிற வீடியோவை எல்லாம் நெட்டில் ஏற்றிக்கொண்டிருந்தது ஒரு காரணம். எந்த வயருக்கு எவ்வளவு போக வேண்டும் என்று பிரித்துக் கொடுக்க ரூட்டரில் ஒரு பக்கம் உண்டு. அதைத் திறந்தேன். ஒவ்வொரு வயருக்கும் இரண்டு கட்டம். ஒன்று, வீட்டுக்குள் வருவதற்கு. இன்னொன்று, வீட்டிலிருந்து வெளியே போவதற்கு.

தம்பிக்குக் குறைத்தேன். அவன் கத்தினான், கொஞ்சம் கூட்டினேன். அக்கா வீட்டு வயருக்கு வந்தேன். உள்ளே வருகிற கட்டத்தில் கை வைக்கவில்லை. பாப்பா தெளிவாகத் தெரிய வேண்டும் இல்லையா? வெளியே போகிற கட்டத்தில் மட்டும், இருப்பதிலேயே சின்னதாக ஓர் எண்ணைத் தட்டினேன். 'அவுங்க பாக்கத்தானே போறாங்க, எதை அனுப்பப் போறாங்க' என்று நினைத்தது எனக்கு வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது. யாருக்கும் வலிக்காமல் பங்கு பிரித்துவிட்ட திருப்தியோடு எழுந்து போய்க் காபி போட்டுக் குடித்தேன்.

அக்காவிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை.

அடுத்த வாரத்திலிருந்து பாப்பாவின் முகம் மாறியது. அக்கா பேசப் பேச அவள் எங்கோ பார்த்தாள். பத்து நிமிடம் என்பது நான்கு நிமிடத்தில் முடிந்தது. ஒரு புதன்கிழமை, கால் வந்ததும் பாப்பா திரையை ஒரு நொடி பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை வரவே இல்லை. வேறொரு பிள்ளை வந்து, அவள் வரமாட்டேன் என்கிறாள் என்று கையால் சொல்லிவிட்டுப் போனது.

அக்கா மேலே வந்து தன் போனில் தட்டிக் காட்டினார். 'நெட் சரியா இருக்கா பாரு.' போய்ப் பார்த்தேன். வேகம் அளந்தேன். உள்ளே வருகிற எண் பிரமாதமாக இருந்தது. வெளியே போகிற எண் சின்னதாக இருந்தது. அது நான் வைத்ததுதானே என்று கடந்து போனேன். இப்போது எழுதும்போது எனக்கே நம்ப முடியவில்லை, ஆனால் அப்படித்தான் கடந்து போனேன். "பாப்பா தெளிவாத் தெரியறாளா?" என்று தட்டிக் கேட்டேன். அக்கா ஆமாம் என்று தலையாட்டினார். திரையின் மூலையில் தெரியும் அவருடைய சொந்தப் படமும் நன்றாகத்தான் அசைந்தது. அது அந்த கம்ப்யூட்டருக்குள்ளேயே காட்டுகிற படம், எப்போதும் அசையும்.

அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. "நெட்ல ஒண்ணும் இல்லக்கா. பாப்பாவுக்கு ஹாஸ்டல் புடிக்கல போல" என்று நானே ஒரு தீர்ப்பும் எழுதிக் கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் கீழே மாமாவின் குரல் மட்டும் கேட்டது. சண்டையில் பாதி மட்டும் காதில் விழுவது ஒரு மாதிரி இருக்கும். "ஒடனே போயிக் கூட்டியாந்துட்டா ஆச்சா? இங்க வந்து மறுபடியும் கடைசி பெஞ்சா? ... நான் மட்டும் இன்னா கல்லா? எனக்கும்தான் புள்ள." கொஞ்ச நேரம் கழித்து மாடிக்கு வந்தார். கண் சிவந்திருந்தது.

"இன்ஜினியரம்மா, அவ ஒரே முடிவா இருக்கா. புள்ளய நிறுத்திடணுமாம். எனக்கு நாளைக்கு லோடு இருக்கு, உட முடியாது. அங்க வாயால பேசறதுக்கு ஒரு ஆள் வேணும். நீ கூடப் போயிட்டு வாயேன். அந்த டி.சி. கேக்கற லெட்டரையும் நீயே எழுதிடு, உன் எழுத்து நல்லாருக்கும்."

எழுதினேன். 'எங்கள் மகளுக்கு விடுதியில் தங்க விருப்பமில்லாத காரணத்தால்' என்று நானே வாக்கியம் அமைத்து, கம்ப்யூட்டரில் அடித்து எடுத்துக் கொடுத்தேன்.

மறுநாள் காலை சிதம்பரம் பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு டிபன் பாக்ஸ், அதில் பலாச்சுளை. ஒரு மணி நேரத்துக்கு மேல் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தார். கை இரண்டும் அப்படி இருந்ததால் என்னோடு எதுவும் பேசவில்லை.

ஹாஸ்டல் வார்டன் நாற்பது வயது இருக்கும் அம்மாள். வாயும் கையும் சேர்ந்தே பேசும் அவருக்கு. லெட்டரைப் படித்துவிட்டு, "பெரிய மேடம்கிட்ட வெச்சுடறேன். ஆனா பாப்பாவ ஒரு வார்த்த கேட்டுக்குங்க. இங்க நல்லா ஒட்டிக்கினா அவ. இப்ப ஒரு மாசமாதான் ஒரு மாதிரியா இருக்கா" என்றார்.

பாப்பா வந்தாள். ஓடி வருவாள் என்று நினைத்தேன். மூன்றடி தள்ளியே நின்றுவிட்டாள். அக்கா டிபன் பாக்ஸைக் கீழே வைத்துவிட்டுக் கையால் ஏதோ கேட்டார். பாப்பாவின் கைகள் படபடவென்று பதில் சொல்லின. எனக்கு ஒன்றும் புரியவில்லை. வார்டன் மெதுவாகச் சொன்னார்: "'நான்தான் பேசறேன், நீதான் பேசறதில்ல'ன்றா."

அக்கா இல்லை இல்லை என்று தலையாட்டினார். பாப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. நேராக நின்றாள். வலது கையை மோவாய்க்குப் பக்கத்தில் தூக்கினாள், வாயைப் பாதி திறந்தாள், கண்ணைப் பாதி மூடினாள். அப்படியே சிலையாக நின்றாள். பிறகு சடக்கென்று தலையைச் சாய்த்து, கையைக் காதுக்கு மேலே கொண்டுபோய், மறுபடியும் சிலை.

வராந்தாவில் நின்ற நான்கைந்து பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர்கள் எல்லோரும் பலமுறை பார்த்த காட்சி அது என்று தெரிந்தது. வார்டனும் சிரித்துவிட்டார். "இவ ஊட்டு வீடியோ மட்டும் இப்படித்தாங்க சிக்கிக்கும். மத்த புள்ளைங்களோட அம்மா எல்லாம் நல்லாத்தான் வர்றாங்க. நெட்டு சிக்குதுடீன்னு நானும் சொல்லிப் பாத்தேன். நம்ப மாட்டேன்றா. 'எங்க ஊட்ல வயர்ல வருது, சிக்கவே சிக்காதுன்னு மாடி வீட்டு அக்கா சொல்லிருக்காங்க'ன்னு என்கிட்டயே சண்டைக்கு வர்றா."

அந்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு கட்டமும், நான் தட்டிய எண்ணும் கண் முன்னால் வந்து நின்றன.

நான் முதலில் சொன்னது என்ன தெரியுமா? "கேமரா கோளாறா இருக்கும் மிஸ். பழைய கேமரா அது."

வார்டன் அதை அப்படியே கையால் அக்காவுக்குச் சொன்னார். அக்காவின் முகம் மலர்ந்தது. பாப்பாவைப் பார்த்துச் சரசரவென்று ஏதோ சொன்னார். "நாளைக்கே அப்பாகிட்டச் சொல்லிப் புதுக் கேமரா வாங்கிடறேன்றாங்க" என்றார் வார்டன். பிறகு அக்கா என் பக்கம் திரும்பி நெஞ்சில் கை வைத்தார். அவர் நன்றி சொல்வது அப்படித்தான்.

அதை என்னால் தாங்க முடியவில்லை. "மிஸ், நான் சொல்றத அப்படியே சொல்லிடுங்க. கேமரா இல்ல. நான்தான். எனக்கு மீட்டிங் வருதுன்னு அவுங்க பக்கத்துலேருந்து போறத நான் கொறச்சு வெச்சேன். அதனாலதான் அவுங்க கை இங்க அசையல."

வார்டன் என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார். அக்கா ஒரு கேள்வி கேட்டார்.

"எத்தன நாளான்றாங்க."

"ஒரு மாசம்."

அக்கா விரல் விட்டு எண்ணவில்லை. அவருக்கு எண்ணத் தேவையில்லை. புதன், ஞாயிறு, புதன், ஞாயிறு என்று அந்த முகத்தில் ஒவ்வொன்றாகப் போவதை நான் பார்த்தேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. பாப்பாவின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, மெதுவாக, நீளமாகச் சொன்னார். பாப்பா என்னை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை. பிறகு அவள் அம்மாவிடம் ஏதோ கேட்டாள். கேட்கும்போதே அழுதாள். வார்டன் எனக்காகத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"எனக்கு இங்க புடிச்சிருக்குன்னு ஒருநாள் உன்கிட்டச் சொன்னேன், அப்ப நீ அசையாம என்னையே பாத்துக்கினு இருந்த. உன்ன உட்டுட்டு இங்க சந்தோஷமா இருக்கேன்னு உனக்குக் கோவம்னு நெனச்சேன். அன்னைக்கு நீ நெஜமா இன்னா சொன்ன?"

அக்கா அதற்குப் பதில் சொன்னார். வார்டன் எனக்குச் சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமல் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குத் தெரிந்ததெல்லாம் பாப்பா அந்த மூன்றடியைத் தாண்டி வந்ததுதான். லெட்டரை வார்டன் மேசையிலிருந்து எடுத்துத் தானாகவே அக்காவிடம் நீட்டினார். அக்கா அதை நான்காக மடித்து டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்தார். மூடியைத் திறந்ததும் வராந்தாப் பெண்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். பலாச்சுளை ஆளுக்கு ஒன்றுகூடத் தேறவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா மறுபடியும் ஜன்னல் பக்கம். இப்போது கை சும்மாதான் இருந்தது. ஆனாலும் என் பக்கம் திரும்பவில்லை. புதுச்சத்திரம் தாண்டிய பிறகு போனை எடுத்துத் தட்டி என்னிடம் கொடுத்தார்.

'நீ ஏன் என்னக் கேக்கல?'

நான் 'தப்பு பண்ணிட்டேன் அக்கா, மன்னிச்சிடுங்க' என்று தட்டினேன். அவர் அதைப் படித்துவிட்டுத் தலையாட்டினார். அது அவர் கேட்டதற்குப் பதில் இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரிந்தது. மறுபடியும் தட்டினார்.

'கேட்டிருந்தா நானே கொறச்சுக்கோன்னு சொல்லிருப்பேன். புதன் ஞாயிறு ஆறு மணிக்கு பத்து நிமிசம் மட்டும் குடுன்னு கேட்டிருப்பேன். மத்த நேரம் எனக்கு எதுக்கு?'

ஆலப்பாக்கம் வந்தது, கடலூர் வந்தது, நான் அந்த வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஓசியில் வாங்குகிற இடத்தில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அது தெரிந்த நான்தான் முதலில் போய்க் கேட்டிருக்க வேண்டும்.

வீட்டுக்குள் போனதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அந்தப் பக்கத்தைத் திறந்து எண்ணை அழித்தேன். அம்மாவிடம் சொன்னேன். அம்மா திட்டவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. லோடு இறக்கிவிட்டு வந்த மாமாவிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் வண்டிச் சாவியை ஆணியில் மாட்டினார். பிறகு, "இன்ஜினியரம்மா, ரோடு போட்டுக் குடுத்துட்டு, போற பக்கத்துக்கு மட்டும் கேட்டப் பூட்டிட்டியேம்மா" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "சரி சரி, உடு. அழுவாத. புள்ள படிக்கறா இல்ல, அது போதும். ஆனா அக்காகிட்ட வந்து போய்க்கினு இரு. அவளுக்குக் கோவம் போக லேட்டாகும். மாமா அனுபவத்துல சொல்றேன்."

ஆனது. இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரமும் தினம் கீழே போய் அக்காவிடம் சைகை கற்றுக்கொண்டேன். முதல் நாள் அவர் எனக்குக் கற்றுக் கொடுத்தது 'கேட்கட்டுமா?' என்பதை. வேண்டுமென்றே செய்தாரா என்று தெரியவில்லை. கேட்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

சிதம்பரம் போய் வந்த பிறகு வந்த முதல் புதன்கிழமை ஆறு மணிக்கு நான் கீழே போகவில்லை. எனக்கு அங்கே இடமில்லை என்று தோன்றியது. தம்பியின் வீடியோவை நிறுத்திவைத்துவிட்டு, என் லேப்டாப்பையும் மூடி வைத்துவிட்டு, படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் வழியாக அக்காவின் முதுகும் இரண்டு முழங்கைகளும் மட்டும் தெரிந்தன. முழங்கைகள் ஓயாமல் ஆடின. ஒரு கட்டத்தில் அக்கா வேண்டுமென்றே கையைத் தூக்கி அப்படியே சிலையாக உட்கார்ந்தார். எனக்கு உயிரே போய்விட்டது. அடுத்த நொடி அவர் தோள் இரண்டும் குலுங்கின. சிதம்பரத்தில் பாப்பாவும் அந்த நேரம் சிரித்திருப்பாள்.

அக்காவுக்குப் பேச வராது என்று அதுவரை நானும் ஊரைப் போலத்தான் நினைத்திருந்தேன். நான் தட்டிய ஓர் எண்ணால் ஒரு மாதம் அறுந்து கிடந்தது ஒரு தாயின் பேச்சுதான் என்று தெரிந்த பிறகு, யாருக்கு எது போதும் என்று அவர்களைக் கேட்காமல் முடிவு செய்ய என் கை கூசுகிறது.